நேற்று கேன்சல் செய்த பிரிண்ட் இன்றைக்கு வந்து நிற்கிறதே!

போன இதழில் ஓர் ஓரத்தில் "பிரிண்டர் தொல்லை இருந்தால் எழுதுங்கள்" என்று ஒரு வரி போட்டேன். போட்டிருக்கக் கூடாது. வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே புலம்பல்தான்: கொடுத்த பிரிண்ட் க்யூவிலேயே கிடக்கிறது, கேன்சல் கொடுத்தாலும் போக மாட்டேன் என்கிறது, போய்விட்டது என்று நம்பி உட்கார்ந்தால் மறுநாள் வந்து நிற்கிறது. சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: தம்பி, எனக்கு வயது 67. பாரிமுனையில் தம்புச் செட்டித் தெருப் பக்கம் நாற்பது வருடமாக டைப்பிங் கடை. ஹைகோர்ட் வக்கீல்களுக்கு மனு, அஃபிடவிட், வாடகை ஒப்பந்தம் எல்லாம் அடித்துக் கொடுக்கிறேன். போன வாரம் காலையில் கடை திறந்து, ஒரு ஒப்பந்தத்துக்காக 100 ரூபாய் பத்திரத்தாளை வைத்து பிரிண்ட் கொடுத்தால், முந்தின நாள் சாயங்காலம் பாதியில் நின்றுபோன வேறொருவருடைய அஃபிடவிட் அந்தப் பத்திரத்தில் அடித்து வெளியே வருகிறது! முந்தின நாளே கேன்சல் கொடுத்தேன், 'டெலீட்டிங்' என்று காட்டியது, கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். பத்திரத்துக்கு என் கைக்காசு போனது. டைப்ரைட்டர் காலத்தில் இப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. (பாரிமுனை வாசகர்)

பதில்: ஐயா, டைப்ரைட்டரில் நீங்கள் தட்டிய எழுத்து தட்டிய நொடியிலேயே தாளில் விழுந்துவிடும். பிரிண்டரில் அப்படி இல்லை. நீங்கள் பிரிண்ட் கொடுப்பதற்கும் தாளில் எழுத்து விழுவதற்கும் நடுவில் அந்த அஃபிடவிட் மூன்று இடங்களில் தங்கிப் போகிறது. முதலில் வேர்டு மாதிரியான சாஃப்ட்வேர்; அது சில நொடியில் கையைக் கழுவிக்கொள்ளும். அடுத்தது கம்ப்யூட்டருக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பூலர் என்கிற சர்வீஸ், அதற்கென்று ஒரு குடோன். மூன்றாவது பிரிண்டருடைய சொந்த மெமரி. நாம் கேன்சல் அழுத்துவது இரண்டாவது இடத்தில் ஒரு மனு போடுவது மாதிரி. போட்ட மனு உடனே விசாரணைக்கு வரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. உங்கள் தெருவில் இருப்பவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் குடோன் எங்கே இருக்கிறது என்றால், சி டிரைவில் விண்டோஸ் போல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ். ஒவ்வொரு பிரிண்டுக்கும் அங்கே பொதுவாக இரண்டு ஃபைல்கள் உருவாகும். எஸ்பிஎல் என்று முடிவதில் அச்சாக வேண்டிய விஷயம் இருக்கும், எஸ்எச்டி என்று முடிவதில் இது யார் கொடுத்தது, எந்தப் பிரிண்டருக்கு, பெயர் என்ன என்கிற விவரம் இருக்கும். பிரிண்டரிடம் முழுவதையும் ஒப்படைத்து முடித்த பிறகுதான் ஸ்பூலர் இந்த இரண்டையும் அழிக்கும். நடுவில் கேபிள் ஆடிவிட்டாலோ, கரண்ட் போனாலோ, பிரிண்டர் தூங்கிவிட்டாலோ, ஒப்படைப்பு முடியவில்லை என்று எடுத்துக்கொண்டு அப்படியே பிடித்து வைத்திருக்கும். கேன்சல் செய்தாலும், பிரிண்டர் பதில் சொன்னால்தான் எடுப்பேன் என்று 'டெலீட்டிங்' போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நீங்கள் கம்ப்யூட்டரை அணைத்தீர்கள். ஆனால் ஃபைல்கள் இருப்பது ஹார்ட் டிஸ்கில், அவை எங்கேயும் போகாது. மறுநாள் காலையில் விண்டோஸ் எழுந்ததும் கூடவே ஸ்பூலரும் எழுந்து, குடோனைத் திறந்து, அட ஒரு பாக்கி இருக்கிறதே என்று அந்த அஃபிடவிட்டை முதல் பக்கத்திலிருந்து அனுப்ப ஆரம்பிக்கிறது. அந்த நேரம் பார்த்து ட்ரேயில் உங்கள் பத்திரம் இருந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் பாதி வியாதிக்கு ரீஸ்டார்ட்தான் மருந்து என்று நானே பலமுறை எழுதியிருக்கிறேன். இந்த வியாதிக்கு மட்டும் ரீஸ்டார்ட் ஆகாது, வேலையை அதுதான் மறுபடி கிளப்பிவிடுகிறது.

இனி அப்படி நின்றுபோனால், முதல் காரியமாகப் பத்திரத்தை ட்ரேயிலிருந்து எடுத்து மேஜை டிராயரில் வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். பிரிண்டரின் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கி, கேபிளையும் கழற்றி ஒரு அரை நிமிஷம் விடுங்கள், அதன் மெமரியில் இருப்பது காலியாகிவிடும். பிறகு கீபோர்டில் விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ரன் என்று ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் ஆங்கிலத்தில் சர்வீசஸ், ஒரு புள்ளி, எம்எஸ்சி என்று அடித்து என்டர் கொடுங்கள். நீளமாக ஒரு பட்டியல் திறக்கும், அதில் பிரிண்ட் ஸ்பூலர் என்பதைத் தேடி ரைட் கிளிக் செய்து ஸ்டாப். அந்தப் பெட்டியை மூடாமல் அப்படியே வைத்துவிட்டு, மேலே சொன்ன பிரிண்டர்ஸ் போல்டருக்குப் போய் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் அழியுங்கள். போல்டரை அழித்துவிடாதீர்கள், உள்ளே இருப்பதை மட்டும். அனுமதி கேட்டால் கன்டின்யூ கொடுக்கலாம். ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது என்று அழிய மறுத்தால் ஸ்பூலர் இன்னும் நிற்கவில்லை என்று அர்த்தம். காலியானதும் மறுபடி சர்வீசஸ் பெட்டிக்கு வந்து ஸ்டார்ட். இப்போது பிரிண்டரை மாட்டி, சாதாரண ஏ4 தாள் வைத்து, ஒரே ஒரு வரி அடித்துப் பாருங்கள். அந்த வரி மட்டும் வந்தால் பத்திரத்தை வெளியே எடுக்கலாம்.

இதையெல்லாம் கம்ப்யூட்டரே வரிசையாகச் செய்யும்படி ஒரு சின்ன பேட்ச் ஃபைலாக எழுதி டெஸ்க்டாப்பில் வைத்துக்கொண்டால் இரண்டு கிளிக்கில் முடியும், உங்கள் கடைக்கு வரும் சர்வீஸ் பையனிடம் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் செய்து தருவார். ஆனால் ஒன்று: பக்கத்து மேஜைக்காரரும் அதே கம்ப்யூட்டர் வழியாக பிரிண்ட் கொடுப்பவர் என்றால் அவருடையதும் சேர்ந்து போய்விடும். சொல்லிவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் என்னைத் திட்டுவார்.

பத்திரத்தைப் பற்றி இன்னொரு வார்த்தை. பெரிய ட்ரேயில் எப்போதும் வெள்ளைத்தாள் மட்டும் இருக்கட்டும். பத்திரத்தை ஒற்றைத்தாள் வைக்கும் மேனுவல் வாயில் வையுங்கள், அதையும் பிரிண்ட் கொடுப்பதற்கு முன்னால் வைக்காதீர்கள். பல சின்ன லேசர் பிரிண்டர்களில் அந்த வாயில் தாள் இருந்தால் எந்த வேலை வந்தாலும் முதலில் அதைத்தான் இழுக்கும். பிரிண்ட் கொடுக்கும்போது பேப்பர் சோர்ஸ் என்ற இடத்தில் மேனுவல் ஃபீட் என்று தேர்ந்தெடுங்கள். பிரிண்டர் தாள் கேட்டு லைட்டைச் சிமிட்டும். க்யூவில் உங்கள் ஒப்பந்தம் ஒன்றுதான் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு அப்போது வையுங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்தால், க்யூவில் என்ன கிடந்தாலும் பத்திரம் தப்பித்துவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டு பிரிண்டர் ஒழுங்காகத்தான் அடிக்கிறது. ஆனால் அடித்து முடித்ததும் பட்டியலை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. பையனுடைய ஸ்கூல் ப்ராஜெக்ட் ஜூன் மாதத்திலிருந்து வரிசையாக நிற்கிறது. மடிப்பாக்கத்தில் எல்லாப் பிரிண்டரும் இப்படியா? (மடிப்பாக்கம் வாசகி)

பதில்: மடிப்பாக்கத்தின் மீது தப்பில்லை. பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ் என்பதைத் திறந்து (பிரிண்டிங் ப்ரிஃபரன்சஸ் அல்ல, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் குழம்பும்) அட்வான்ஸ்டு என்ற பகுதிக்குப் போங்கள். கீழே 'கீப் பிரிண்டட் டாக்குமென்ட்ஸ்' என்று ஒரு கட்டம் டிக் ஆகியிருக்கும். எடுத்துவிடுங்கள். அச்சான பிறகும் வைத்திரு என்று நாமே சொல்லிவிட்டு, ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டால் அது என்ன செய்யும்? டிக்கை எடுத்த பிறகு பழையதைக் கையால் அழித்துவிடுங்கள். இப்படி நிற்பவை தானாக மறுபடி அச்சாகாது, ஆனால் பையன் விளையாட்டாக அந்தப் பட்டியலில் ஒன்றை ரைட் கிளிக் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தால் முழுதாக வரும்.

கேள்வி: திருவல்லிக்கேணியில் மெஸ் நடத்துகிறேன். கல்லாவில் ஆர்டர் அடித்தால் கிச்சனில் இருக்கும் சின்ன தெர்மல் பிரிண்டரில் கேஓடி (கிச்சன் ஆர்டர் டிக்கெட்) சீட்டு வரும். கூட்ட நேரத்தில் ஒரே சீட்டு இரண்டு தடவை வருகிறது. மாஸ்டர் சீட்டைப் பார்த்துப் போடுகிறவர், கேள்வி கேட்க மாட்டார். ஒரு பொடி தோசை கேட்டவருக்கு இரண்டு போகிறது. சாஃப்ட்வேர் ஆளைக் கேட்டால் பிரிண்டர் என்கிறார், பிரிண்டர் ஆளைக் கேட்டால் சாஃப்ட்வேர் என்கிறார். (திருவல்லிக்கேணி வாசகர்)

பதில்: இரண்டு பேரும் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். யார் மேல் தப்பு என்று நீங்களே கண்டுபிடிக்கலாம், அதற்குக் கம்ப்யூட்டர் அறிவு வேண்டாம், ஒரு கம்பி போதும். இரட்டையாக வருகிற சீட்டுகளை மாஸ்டர் தூக்கிப் போடாமல் அந்தக் கம்பியில் குத்தி வைக்கச் சொல்லுங்கள். ராத்திரி கடை மூடியதும் எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் கேஓடி நம்பர் வேறு வேறாக இருந்தால் ஆர்டரே இரண்டு முறை பதிவாகியிருக்கிறது. ஸ்கிரீன் மெதுவாக இருந்ததால் பையன் இரண்டு தடவை தட்டியிருப்பான். நம்பரும் நேரமும் ஒன்றாகவே இருந்தால் ஆர்டர் ஒன்றுதான், அச்சுக்கு அனுப்பும் வழியில்தான் இரட்டையாகிறது.

இந்த இரண்டாவது வகை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் கூட்ட நேரத்தில் மட்டும் ஏன் என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. கல்லா கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியாக சீட்டை அனுப்புகிறது. பிரிண்டர் அதை வாங்கித் தன்னுடைய சின்ன மெமரியில் வைக்கிறது. அந்த நேரத்தில் ரோல் தீர்ந்திருந்தால், அல்லது மூடி சரியாக மூடாமல் இருந்தால், வாங்கியதை அடிக்க முடியாமல் நிற்கும். கம்ப்யூட்டர் சில நொடி பார்த்துவிட்டு, போய்ச் சேரவில்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டி மறுபடி அனுப்பும். நீங்கள் புது ரோல் போட்டு மூடியதும் மெமரியில் நிற்கும் முதல் சீட்டும் வரும், பின்னால் வந்த இரண்டாவதும் வரும். கூட்ட நேரத்தில்தான் ரோல் சீக்கிரம் தீரும், கூட்ட நேரத்தில்தான் ஒரு நொடிக்கு நாலு ஆர்டர் விழும். இரட்டைச் சீட்டு ரோல் மாற்றியவுடன்தான் வருகிறதா என்று மாஸ்டரைக் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ரோல் முடியப் போகும்போது தாளின் ஓரத்தில் கலர் கோடு வர ஆரம்பிக்கும். அது வந்ததும் மிச்சத்தைப் பார்த்து ஆசைப்படாமல் மாற்றிவிட வேண்டும்.

ரோல் காரணம் இல்லை என்றால், அடுத்து பிரிண்டரின் ஐபி எண்ணை, அதாவது நெட்வொர்க்கில் அதன் விலாசத்தை, பார்க்க வேண்டும். ரவுட்டர் ஒவ்வொரு தடவை பிரிண்டர் எழும்போதும் வேறு எண் கொடுத்தால், அல்லது அதே எண்ணை வெயிட்டரின் போனுக்கும் கொடுத்தால், சீட்டு எங்கே போவது என்று தெரியாமல் தடுமாறும். பிரிண்டருக்கு ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கி வைக்க ரவுட்டரிலேயே வசதி உண்டு. அப்புறம் விண்டோஸில் பிரிண்டர் போர்ட் அமைப்பில், பிரிண்டரின் நிலையைக் கேட்டறிய எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் என்று ஒரு டிக் இருக்கும். நிறைய சின்ன தெர்மல் பிரிண்டர்களுக்கு அந்தப் பாஷையே தெரியாது. விண்டோஸ் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பதில் இல்லை, பிரிண்டர் ஆஃப்லைன் என்று சீட்டுகளைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு மொத்தமாகத் தள்ளும். அந்த டிக்கை எடுக்கச் சொல்லுங்கள். கிச்சனுக்கு வைஃபை வேண்டாம், ஒரு லேன் வயர் இழுத்துவிடுங்கள். ஒரே வயர் 100 மீட்டர் வரை தாங்கும், உங்கள் மெஸ் அவ்வளவு பெரிதாக இருக்காது. பிரிண்டரை அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். தெர்மல் தாளில் எழுத்து வருவதே சூட்டினால்தான், அடுப்புச் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துப் போகும்.

சாஃப்ட்வேர்காரரிடம் ஒன்று கேட்டு வாங்குங்கள்: இரண்டாவது முறை அனுப்பும் சீட்டில் தலைப்பிலேயே 'டூப்ளிகேட்' என்று பெரிதாக வர வேண்டும். முடியாது என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி: தாம்பரத்தில் டியூஷன் சென்டர். பிரிண்டர் ஒன்றுதான், ஆனால் கம்ப்யூட்டரில் அதே பெயரில் மூன்று இருக்கிறது, 'காப்பி 1', 'காப்பி 2' என்று வால் சேர்த்து. சில நாள் பிரிண்ட் கொடுத்தால் வருவதே இல்லை. போன வெள்ளிக்கிழமை யாரும் எதுவும் கொடுக்காமலேயே போன மாதத்துக் கணக்குக் கேள்வித்தாள் வந்துகொண்டே இருந்தது, பாதி பண்டல் தாள் காலி. (தாம்பரம் வாசகி)

பதில்: யாரோ பென் டிரைவ் போடுவதற்காக பிரிண்டர் கேபிளைப் பிடுங்கி, பிறகு வேறு யுஎஸ்பி ஓட்டையில் செருகியிருக்கிறார்கள். சில பிரிண்டர்களை விண்டோஸ் ஓட்டையை வைத்துத்தான் அடையாளம் காணும். ஓட்டை மாறினால் ஆள் மாறிவிட்டார் என்று நினைத்து புதிதாக ஒரு பெயரைச் சேர்த்துவிடும். ஒரே ஆளுக்கு மூன்று ரேஷன் கார்டு. நீங்கள் பிரிண்ட் கொடுத்தது பழைய பெயருக்குப் போயிருக்கிறது, அந்த ஓட்டையில் யாரும் இல்லாததால் க்யூவில் காத்துக்கிடந்தது. வரவில்லையே என்று இன்னும் நாலு தடவை கொடுத்திருப்பீர்கள், அதுவும் சேர்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமை கேபிளை யாரோ பழைய ஓட்டையிலேயே திரும்பச் செருகியதும், ஒரு மாதப் பாக்கி முழுவதும் கொட்டிவிட்டது.

இப்போது வேலை செய்யும் பெயர் எது என்று ஒவ்வொன்றிலும் ஒரு டெஸ்ட் பக்கம் அடித்துப் பார்த்து, மற்ற இரண்டின் க்யூவையும் காலி செய்துவிட்டு, அந்தப் பெயர்களை நீக்கிவிடுங்கள். 'டீஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்' என்கிற அமைப்பு இருந்தால் அணைத்துவிட்டு, நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் கடைசியாக எதில் கொடுத்தீர்களோ அதையே பிடித்துக்கொள்ளும். கடைசியாக, அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வையுங்கள். சிரிக்காதீர்கள், என் வீட்டில் அப்படித்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வரவில்லை என்றால் மறுபடி கொடுப்பது நம் எல்லோருக்கும் இருக்கிற குணம், லிஃப்ட் பட்டனை நாலு தடவை அழுத்துகிற மாதிரி. லிஃப்ட் நாலு தடவை வராது, பிரிண்டர் வரும்.

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன கம்பெனி. போன வருஷம் கொஞ்ச நாள் எங்கள் யுஎஸ்பி பிரிண்டர் தானாகவே தாள் தாளாகத் துப்பியது. மேலே 'போஸ்ட், ஐபிபி, பிரிண்ட், எச்டிடிபி' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே புரியாத எழுத்துகள். க்யூவைப் பார்த்தால் காலி. வைரஸ் என்று பயந்து கம்ப்யூட்டரை ஃபார்மட்டே செய்துவிட்டோம். பிறகு தானாக நின்றுவிட்டது. என்னவாக இருந்திருக்கும்? (அம்பத்தூர் வாசகர்)

பதில்: ஃபார்மட் வீண். 2025 ஜனவரி கடைசியில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் 10-லும் விண்டோஸ் 11-இன் சில பதிப்புகளிலும் இந்தத் தொல்லை வந்தது, மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்ட விஷயம். யுஎஸ்பி வழியாகப் பழைய முறையிலும் ஐபிபி என்கிற புது முறையிலும் பேசத் தெரிந்த பிரிண்டர்களுக்கு மட்டும் வந்தது. கம்ப்யூட்டரும் பிரிண்டரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சை, இதுவும் அச்சடிக்கச் சொன்ன விஷயம்தான் என்று பிரிண்டர் அடித்துத் தள்ளிவிட்டது. மார்ச் மாத அப்டேட்டில் சரிசெய்தார்கள், அதனால்தான் உங்களுக்கும் "தானாக" நின்றது. க்யூ காலியாக இருந்தும் தாள் வந்தால், ஸ்பூலரைக் குடையாமல், வந்த தாளில் முதல் வரியைப் படியுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். அந்தத் தாளைக் கசக்கி எறிபவர்கள்தான் அதிகம்.

கேள்வி: குரோம்பேட்டையில் இருக்கிறேன். அக்காவுக்கு ஸ்கூலில் கொடுத்த அரசாங்க லேப்டாப் இன்னும் ஓடுகிறது, அதில் லினக்ஸ்தான் பயன்படுத்துகிறேன். நீங்கள் எப்போதும் விண்டோஸுக்கே எழுதுகிறீர்கள் சார். லினக்ஸில் க்யூவை எப்படிக் காலி செய்வது? (குரோம்பேட்டை மாணவர்)

பதில்: குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்கிறேன். 2011-இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது கொடுத்த லேப்டாப்களில் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது, அதை உருவாக்கியது மத்திய அரசின் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனமான நம்ம ஊர் சி-டாக். அது இன்னும் ஓடுகிறது என்றால் அக்கா நன்றாக வைத்திருந்திருக்கிறார்.

லினக்ஸில் இந்த வேலையைப் பார்ப்பது கப்ஸ் என்கிற மென்பொருள். டெர்மினலில் கேன்சல் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி, ஒரு சின்னக் கோடு, ஒட்டினாற்போல் சின்ன ஏ. க்யூ முழுக்கக் காலி. போகாவிட்டால் முன்னால் சுடோ (அட்மின் அதிகாரம் தரும் சொல்) சேர்த்துக்கொள். டெர்மினல் பிடிக்காது என்றால் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், ஒரு முக்கால்புள்ளி, 631 என்று அடித்தால் கப்ஸின் பக்கமே திறக்கும். அங்கே பிரிண்டரைத் தேர்ந்தெடுத்தால் எரர் பாலிசி என்று ஒன்று இருக்கும். பிரிண்ட் தோற்றால் மறுபடி முயற்சி செய்வதா, அந்த வேலையைக் கைவிடுவதா, பிரிண்டரையே நிறுத்திவைப்பதா என்று அதில் நீயே சொல்லலாம். கைவிடு என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழையது திரும்ப வந்து பயமுறுத்தாது. விண்டோஸில் எனக்கு இவ்வளவு வெளிப்படையாக ஒரு இடம் கிடைத்ததில்லை. மேக் வைத்திருப்பவர்களுக்கும் உள்ளே ஓடுவது இதே கப்ஸ்தான்.

கேள்வி: எங்கள் ஆபீஸ் சர்வரில் பிரிண்டரே கிடையாது. ஆனால் ஐடி ஆட்கள் வந்து ஸ்பூலரை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். இல்லாத பிரிண்டருக்கு ஏன் இந்தப் பாடு? (கிண்டி வாசகர்)

பதில்: விவரமானவர்கள். ஸ்பூலருக்குக் கம்ப்யூட்டரில் அதிகாரம் அதிகம், அதனால் திருடர்களுக்கும் அதன் மேல் ஒரு கண். 2010-இல் ஈரான் அணு ஆலையைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட் என்கிற வைரஸ், ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவப் பயன்படுத்திய வழிகளில் ஒன்று ஸ்பூலரில் இருந்த ஓட்டை. 2021 ஜூன் கடைசியில் ஸ்பூலரில் பிரிண்ட்நைட்மேர் என்று இன்னொரு ஓட்டை வெளியே வந்து, மைக்ரோசாஃப்ட் மாதாந்திர அப்டேட் தேதி வரை பொறுக்க முடியாமல் அவசரத் திருத்தம் கொடுத்தது. பிரிண்டர் இல்லாத சர்வரில் அது ஓடுவது, ஆள் இல்லாத வீட்டில் பின்கதவைத் திறந்து வைத்த மாதிரி. உங்கள் மேஜைக் கம்ப்யூட்டரில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பிரிண்ட் டு பிடிஎஃப் கூட வேலை செய்யாது.

கேள்வி: மழைக்காலம் வந்தால் மட்டும் எங்கள் ஜெராக்ஸ் கடை லேசர் பிரிண்டரில் தாள் சிக்குகிறது, எடுத்துப் போட்டால் அதே பக்கம் இரண்டு வருகிறது. வெயில் காலத்தில் இல்லை. (வேளச்சேரி வாசகர்)

பதில்: அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வேளச்சேரியில் மனுஷனே நனைந்து கிடக்கும்போது தாள் மட்டும் காய்ந்தா இருக்கும்? ஈரம் ஏறிய தாள் நெளியும், ஒன்றோடொன்று ஒட்டும், உள்ளே சுடுகிற உருளையில் போனதும் சுருண்டு சிக்கும். பண்டலைப் பிரித்தால் தேவையான அளவு மட்டும் ட்ரேயில் வைத்து, மிச்சத்தை உறையோடு மூடி, தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். ராத்திரி ட்ரேயில் தாளை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இரண்டு வருவதற்குக் காரணம் நீங்கள்தான். பல லேசர் பிரிண்டர்களில் ஜாம் ரெகவரி என்று ஒரு வசதி உண்டு: பக்கம் முழுதாக வெளியே வரும் வரை அதை மெமரியில் வைத்திருந்து, சிக்கிய தாளை எடுத்து மூடியை மூடினால் அதுவே மறுபடி அடித்துவிடும். நீங்கள் அவசரத்தில் கம்ப்யூட்டரிலிருந்தும் ஒரு தடவை கொடுக்கிறீர்கள். மூடியை மூடிவிட்டுப் பத்து நொடி கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

கேள்வி: கடையில் ஆதார் பிரிண்ட் எடுக்கிறோம். க்யூவில் நின்றுபோய், "வேற மெஷின்ல எடுத்துத் தரேன் மேடம்" என்று கொடுத்துவிடுகிறார்கள். நின்றுபோனது அப்புறம் வெளியே வருமா? வந்தால் யார் கையில் போகும்? (சைதாப்பேட்டை வாசகி)

பதில்: வரும். இந்தப் பக்கத்தை முதலிலிருந்து படித்திருந்தால் எப்போது, எப்படி என்று உங்களுக்கே தெரியும். மறுநாள் காலையில் மெஷினைப் போட்டதும் முதல் தாளாக வந்து, யாருடையது என்று தெரியாமல் பின்பக்கம் கணக்குப் போட உபயோகமாகும். அதனால் கடையை விட்டு நகர்வதற்கு முன்னால் முதல் மெஷினின் க்யூவை உங்கள் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், கேட்டால் பெரும்பாலும் செய்துவிடுவார்கள்.

க்யூவை விட எனக்குக் கவலை தருவது வேறு. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள் இல்லையா, அந்த ஃபைல் கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் போல்டரில் மாதக்கணக்கில் கிடக்கிறது, யாரும் ஸ்பூலர் தேடிப் போக வேண்டியதில்லை. அதையும் அழிக்கச் சொல்லுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும். முழு ஆதார் எண் கேட்காத இடத்துக்குக் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரை ஆதார் இணையதளத்திலிருந்தே எடுத்துக் கொடுங்கள். அதில் க்யூவில் எது நின்றாலும் முதல் எட்டு எண் யாருக்கும் கிடைக்காது.